நௌக்ரியில் வராத மெக்கானிக்கல் வேலைகளைப் பிடிப்பது எப்படி?

மெக்கானிக்கல் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வேலை தேடுகிறார்கள். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் கணக்குத் தொடங்கி, கண்ணில் படும் விளம்பரத்துக்கெல்லாம் ஒரே ரெஸ்யூமைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனால் அம்பத்தூர், கிண்டி, கோவை குறிச்சி, ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள சிறு கம்பெனிகள் பலவும் விளம்பரமே கொடுப்பதில்லை. உள்ளே வேலை செய்பவரிடம் "தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?" என்று கேட்பதோடு சரி. அப்படிக் கேட்கும்போது உங்கள் பெயர் அங்கே யாருக்காவது நினைவுக்கு வர வேண்டும்.

முதலில் எந்தெந்தக் கம்பெனிகளை அணுகலாம் என்று பட்டியல் போடுங்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் ஆக்மி, கோவை கொடிசியாவில் நடக்கும் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போனால் ஸ்டாலில் நிற்கும் சர்வீஸ் இன்ஜினியரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தக் கம்பெனி புதிதாக விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்) வாங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். புது மெஷின் வந்தால் ஆபரேட்டர், புரோகிராமர், குவாலிட்டிக்கு ஓர் ஆள் என்று தேவையும் கூடவே வரும். கண்காட்சி இல்லாத மாதங்களில் கட்டிங் டூல் விற்கும் டீலரும், வெர்னியர், மைக்ரோமீட்டர்களைக் காலிபிரேஷன் செய்யும் லேபும் இதே தகவலைச் சொல்வார்கள். முப்பது கம்பெனி தேறினால் போதும்.

அடுத்து, கையில் எதைக் கொண்டு போவது? ரெஸ்யூமை விட ஒரே ஒரு டிராயிங் அதிகம் பேசும். காயில் கட்டும் கடையில் கழித்துப் போட்ட பம்ப் மோட்டார் ஷாஃப்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வெர்னியரால் அளந்து, ஏ3 தாளில் வரையுங்கள். பலரும் சறுக்குவது டாலரன்ஸில், அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற வரம்பில். எல்லா அளவுக்கும் ±0.01 என்று போட்டுவிடுவார்கள். கம்பெனியில் இருப்பவர்கள் பார்த்தவுடனே ஷாப் ஃப்ளோர் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், ஏனென்றால் தேவையில்லாத இடத்தில் இறுக்கிப் பிடித்தால் செலவு ஏறும். பேரிங் உட்காரும் இடம் போன்ற சில இடங்களுக்கு மட்டும்தான் கறார் வேண்டும். கழற்றிய பேரிங்கில் 6204 என்று இருந்தால் உள்விட்டம் 20 மி.மீ. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்டுக்கு ஃபிட் அட்டவணையில் உள்ள கே6 என்ற டாலரன்ஸைக் கொடுத்தால் +0.002 முதல் +0.015 மி.மீ. வரை வரும். 0.02 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியரில் இதை அளந்து எழுதவே முடியாது. பேரிங் எண்ணிலிருந்து அளவையும், ஃபிட் அட்டவணையிலிருந்து டாலரன்ஸையும் எடுத்தேன் என்று சொல்லத் தெரிந்தால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். டிராயிங்கின் பின்பக்கம் புராசஸ் ஷீட் எழுதுங்கள்: ஃபேசிங், சென்டர் டிரில், டர்னிங், கீவே மில்லிங், கடைசியில் கிரைண்டிங். கிரைண்டிங்குக்கு எவ்வளவு மெட்டீரியல் விட்டு டர்னிங் செய்ய வேண்டும் என்பதையும் குறியுங்கள். இன்டர்வியூவில் கேட்கப்படும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

போன் செய்யும்போது எச்ஆரைக் கேட்காதீர்கள். சிறு கம்பெனியில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். "சார் வணக்கம், புரொடக்‌ஷன் இன்சார்ஜ் சார்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசலாமா? ஒரு ஷாஃப்ட் டிராயிங் போட்டிருக்கேன், பார்த்துத் தப்பு இருந்தா சொல்லணும்" என்று கேளுங்கள். வேலை கேட்டால் "இப்ப இல்லப்பா" என்று வைத்துவிடுவார். தப்பைச் சுட்டிக்காட்டச் சொன்னால் பெரும்பாலும் வரச் சொல்வார். மாதக் கடைசி வாரம் போகாதீர்கள், டிஸ்பாட்ச் நெருக்கடியில் யாருக்கும் நேரம் இருக்காது. காலை மீட்டிங் முடிந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் போவது நல்லது. அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து ஒரு வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் ஆளை நினைவில் நிறுத்துகிறது.

கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் அப்ரண்டிஸ் வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. அதனால் "வேலை இருக்கா" என்பதைவிட "நாட்ஸ்ல அப்ரண்டிஸ் எடுக்கிறீங்களா சார்?" என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வர வாய்ப்பு அதிகம். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. பயிற்சியில் பாதி தாண்டியதுமே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.

ஆன்லைனை அடியோடு விட வேண்டாம். ரெஸ்யூமை இரண்டு காலமாக (column) பிரிக்காமல், டேபிள் இல்லாமல் வையுங்கள். பிடிஎஃப்பில் உள்ளதைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் குழம்பினால் கம்பெனியின் சாஃப்ட்வேரிலும் குழம்ப வாய்ப்புண்டு.

வேலை கிடைத்ததும் ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்க்க எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்துக்குப் பிஎஃப் பொருந்தும். அப்ரண்டிஸாக அல்லாமல் சேர்கிறீர்கள் என்றால் யுஏஎன் நம்பரை (உங்கள் பிஎஃப் கணக்குக்கான நிரந்தர எண்) முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" என்று சேருவதற்கு முன்பே பணம் கேட்கும் இடமா? அந்த நம்பரைப் பிளாக் செய்துவிட்டுப் பட்டியலில் அடுத்த கம்பெனியைக் கூப்பிடுங்கள்.