அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வும் எங்கள் வீட்டுத் தபாலும்

கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பிருந்தே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நான் 2025 தொடக்கத்தில் என்-400 படிவத்தை இணையத்தில் நிரப்பி 710 டாலர் கட்டினேன். படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருட முகவரிகள், பார்த்த வேலைகள், நாட்டை விட்டு வெளியே போய்வந்த தேதிகள் எல்லாம் கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட் மின்னஞ்சல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். அப்புறம் கைரேகை, அதன்பின் காத்திருப்பு. காத்திருந்த அந்த மாதங்களில் தேர்வுக்குப் படித்ததைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்கு வந்தது பழைய தேர்வு. 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பட்டியல் 128 ஆகிவிட்டது. 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பட்டியலையும் விடைகளையும் அரசே வெளியிடுகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு இதை மனப்பாடம் செய்வது பெரிய காரியமே இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஃபெடரல் அரசுக்கு, அதாவது நாடு முழுவதற்குமான ஒன்றிய அரசுக்கு, உள்ள அதிகாரம் ஒன்று சொல்லுங்கள். மாநிலங்களுக்கு உள்ள அதிகாரம் ஒன்று சொல்லுங்கள். பணம் அச்சடிப்பது, போர் அறிவிப்பது, படை அமைப்பது, பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்வது என்பவை முதல் கேள்விக்கான விடைகள். பள்ளிக்கல்வி, போலீஸ், தீயணைப்பு, ஓட்டுநர் உரிமம், நிலப் பயன்பாடு ஆகியவை இரண்டாவதற்கு. விடை தெரிந்துவிட்டது, சரி. ஏன் இப்படிப் பிரித்தார்கள்? யார் எங்கே நிற்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் உறுதிமொழி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தன்னார்வலராக வந்து சொல்லிக்கொடுத்தார். அவர் தந்த முதல் வீட்டுப்பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் தபாலைக் கொஞ்ச நாள் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு உறையும் எந்த அரசிடமிருந்து வருகிறது என்று பாருங்கள் என்றார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். வருமான வரித்துறையின் கடிதம் ஃபெடரல். கார் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி மோட்டார் வாகன ஆணையம் அனுப்பியது நாங்கள் வசிக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தினுடையது. மாநில நீதிமன்றத்திலிருந்து என் கணவருக்கு ஜூரி கடமைக்கான அழைப்பு, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார. இங்கே ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் வரி கட்டுவோர் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால், குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் அது வந்துவிடும். குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்ப வேண்டும். அப்புறம் டவுன்ஷிப் என்னும் எங்கள் உள்ளாட்சியிலிருந்து பிராப்பர்ட்டி டாக்ஸ் பில். அதை வரி வரியாகப் படித்தோம். பள்ளிக்கு இவ்வளவு, கவுண்டிக்கு (நம் மாவட்டம் போல) இவ்வளவு, டவுன்ஷிப்புக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது. ஃபெடரல் அரசுக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. மகளின் பள்ளிக்கு எவ்வளவு செலவு செய்வது, எந்தத் தெருவில் கடை வரலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் மாலை நேரத்தில் ஊர்க் கட்டடத்தில் கூடும் அக்கம்பக்கத்து மனிதர்கள்தான்.

இரண்டு அரசுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடமும் அந்த மேசையிலேயே இருந்தது. எச்-1பி வேலை விசாவில் இருந்தபோது என் ஓட்டுநர் உரிமம் விசா முடிகிற தேதியிலேயே முடிந்துவிடும். விசா நீட்டிப்பு தாமதமானால் உரிமமும் நின்றுவிடும். வேலைக்குப் போக இன்னொருவர் காரை எதிர்பார்க்க வேண்டும். இங்குள்ள தமிழர்கள் பலருக்கும் பழகிய தலைவலி இது. உரிமம் தருவது மாநிலம், நான் நாட்டில் இருக்கலாமா என்று சொல்வது ஃபெடரல் அரசு. 2005இல் வந்த ரியல் ஐடி சட்டம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. உரிமத்தை மாநிலமே தரலாம், ஆனால் அதைக் காட்டி உள்நாட்டு விமானம் ஏற வேண்டுமானால் ஃபெடரல் அரசு சொல்லும் தரத்தில் அது இருக்க வேண்டும். விமான நிலையங்களில் அது நடைமுறைக்கு வந்தது 2025 மே 7 அன்றுதான். இருபது வருடம் இழுத்ததற்குப் பல மாநிலங்கள் காட்டிய எதிர்ப்பும் ஒரு காரணம்.

நியூ ஜெர்சிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு என்பது வகுப்பில்தான் தெரிந்தது. 1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் எழுதக் கூடியபோது, வர்ஜீனியாக்காரர்கள் நாடாளுமன்றத்தில் மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றார்கள். அவர்கள் மாநிலம் பெரியது. சிறிய மாநிலங்களின் சார்பில் நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன், ஒவ்வொரு மாநிலத்துக்கும் சமமான வாக்கு வேண்டும் என்று ஜூன் 15 அன்று ஒரு திட்டத்தை வைத்தார். பல வாரச் சண்டைக்குப் பிறகு ஜூலை 16 அன்று சமரசம் ஏற்பட்டது: கீழவையான பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சமம். பேட்டர்சன் என்ற ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தான். அந்த ஊருக்கு அவர் பெயர்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு ஒன்று. இங்கே 2020 கணக்கெடுப்பின்படி 5.77 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கு 2 செனட்டர்கள், 3.95 கோடி பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டர்கள். அளவில் இது எனக்கு உறுத்துகிறது. ஆனால் மக்கள்தொகைப்படி மட்டும் இடம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்ற கவலை தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் புரியாமல் போகாது. தொகுதி மறுவரையறை பற்றி ஊரில் நடக்கும் விவாதத்தைத் தொலைபேசியில் அப்பாவோடு பேசும்போதெல்லாம் எனக்கு பேட்டர்சன் நினைவுதான் வருகிறது.

மாநில சுயாட்சி என்ற முழக்கத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான். மத்திய, மாநில உறவை ஆராய 1969இல் தமிழ்நாடு அமைத்த ராஜமன்னார் குழுவைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அதனால் 10ஆவது திருத்தத்தைப் படித்தபோது உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஃபெடரல் அரசுக்குத் தரப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது அது. இந்தியாவில் மூன்று பட்டியல்களிலும் இல்லாத அதிகாரம் ஒன்றியத்துக்குப் போகும். இங்கே நேர் எதிர். ஆளுநரையும் இங்கே மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கணக்கில் முதலமைச்சர் போல.

அந்த மகிழ்ச்சியோடு மேலே படித்தால் 1957 வருகிறது. கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பள்ளி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர வந்தார்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலத்தின் நேஷனல் கார்டு படையை வாசலில் நிறுத்தித் தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பி, அதே நேஷனல் கார்டையும் ஃபெடரல் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட பிறகுதான் பிள்ளைகள் பாதுகாப்போடு வகுப்புக்குள் போக முடிந்தது. அடிமை முறையைக் காக்கவும், அப்புறம் நூறு வருடம் இனப் பிரிவினையைக் காக்கவும் தென்மாநிலங்கள் பிடித்துக்கொண்ட கொடி மாநில உரிமைதான். எனக்கு இனிப்பாக ஒலித்த கோரிக்கை, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெய்ட்டி நாட்டுக் கறுப்பினப் பெண்ணுக்கு வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

அதற்காக நியாயம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. குடியுரிமை தருவதற்கான விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருந்தது. அதனால் குழப்பம் வந்ததால், நாடு முழுவதற்கும் ஒரே விதி செய்யும் அதிகாரத்தை சாசனம் காங்கிரஸ் என்னும் இந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. காங்கிரஸ் 1790இல் செய்த விதி, சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி சீக்கியர் வழக்காடியபோது, அவர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் 710 டாலர் கட்டி நிரப்பிய படிவத்தை நிரப்பும் உரிமைக்கு ஒரு போர்வீரர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார், தோற்றிருக்கிறார். எந்த மட்டத்துக்கு அதிகாரத்தைக் கொடுத்தாலும் அதைத் தட்டிக்கேட்க இன்னொரு மட்டம் வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் எடுத்துக்கொண்ட முடிவு.

இன்டர்வியூ கோடையில் வந்தது. அதிகாரி அறைக்குள் அழைத்ததும் வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வேன் என்று உறுதி கூற வேண்டும். அப்புறம் கேள்விகள். அரசின் ஒரு பிரிவு மட்டும் அளவுமீறி வலுப்பெறாமல் எது தடுக்கிறது என்று கேட்டார். அதிகாரப் பிரிவினை என்றேன். மாநில ஆளுநர் யார் என்றார். அப்போது ஃபில் மர்ஃபி. மாநில அதிகாரம் ஒன்று கேட்டபோது பள்ளிக்கல்வி என்று சொன்னேன். ஆறு சரியானதும் அதோடு நிறுத்திவிட்டார். திரையில் ஓர் ஆங்கில வரியைப் படிக்க வேண்டும், அவர் சொல்லும் ஒரு வரியை எழுத வேண்டும். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். அதன்பின் படிவத்தைப் பக்கம் பக்கமாக மறுபடி கேட்டார். உண்மையில் நேரம் போவது இதில்தான். பயணத் தேதிகளை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். அரசியல் சாசனத்தையும் அதன் ஆட்சி முறையையும் ஆதரிக்கிறீர்களா என்று ஒரு கேள்வி படிவத்தில் உண்டு. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஆம் என்று போகும் இடம் அது. நான் அவர் கண்ணைப் பார்த்து ஆம் என்றேன்.

உறுதிமொழி விழா சில வாரங்கள் கழித்து நடந்தது. வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். உறுதிமொழியில் எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும் காப்பேன் என்றுதான் வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதால் என் இந்தியக் குடியுரிமை அன்றோடு போனது. அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஆனால் 14ஆவது திருத்தத்தின்படி ஒருவர் அமெரிக்காவின் குடிமகன், கூடவே தான் வசிக்கும் மாநிலத்தின் குடிமகன். நியூ ஜெர்சிக்குத் தனியாக விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை.

வாக்காளர் பதிவு அப்படியல்ல, அது மாநிலத்தின் வேலை. எங்கள் மாநிலத்தில் தேர்தலுக்கு 21 நாள் முன்னால் பதிந்திருக்க வேண்டும். வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது. நான் படிவத்தை அன்றே நிரப்பி கவுண்டிக்கு அனுப்பிவிட்டேன். புதிதாக உறுதிமொழி எடுக்கிறவர்களும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2025 நவம்பர் 4 அன்று முதல் வாக்கு. நியூ ஜெர்சி ஆளுநரையும் சட்டமன்றத்தையும் ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கிறது. அதனால் என் சீட்டில் ஆளுநர், சட்டமன்றக் கீழவைக்கு இரண்டு பேர், கவுண்டி ஆணையர்கள், பள்ளி வாரியம் என்று வரிசையாக இருந்தன. ஃபெடரல் பதவி ஒன்றுகூட இல்லை. பள்ளி வாரியத்துக்கு நின்றவர்களைப் பற்றிப் படிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. செனட்டுக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்க 2026 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும்.