ஆம்பூர் தோல் கணக்கும் லாராவெல் டேபிள்களும்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு லாராவெல்லில் (பிஎச்பி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) ஸ்டாக் மென்பொருள் எழுதுகிறேன். டேபிள் என்பது தகவல் வைக்கும் அட்டவணை, மாடல் என்பது அதைக் கையாளும் கோட். மாடலுக்கு ஒருமைப் பெயர், டேபிளுக்குப் பன்மை. இது சீக்கிரம் பழகிவிடும். ஒரு மாடல் இன்னொன்றைச் சேர்ந்தது என்று சொல்லும் 'பிலாங்ஸ்டூ' எந்தப் பக்கம்? ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைக் காட்டும் அடையாளம்) எந்த டேபிளில் இருக்கிறதோ, அந்த மாடலில். அவ்வளவுதான்.

தோல் கணக்குதான் கஷ்டம். ராணிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு லாட் (ஒன்றாக வரும் தோல் தொகுதி) பல ஆர்டர்களுக்குப் போகும். ஒரே ஆர்டருக்குப் பல லாட்டிலிருந்தும் வெட்டுவார்கள். நடுவில் தனி டேபிள் வேண்டும். இரண்டு பெயரும் ஒருமையில், ஆங்கில அகரவரிசையில், இடையே அடிக்கோடு: 'லாட்_ஆர்டர்'. வரிசையை மாற்றி வைத்தால், லாராவெல் தானாகத் தேடும் பெயரில் டேபிளே இருக்காது.

எத்தனை சதுர அடி வெட்டினார்கள் என்பதையும் இந்த நடு டேபிளில்தான் வைக்க வேண்டும். அது லாட்டுக்கும் சொந்தமில்லை, ஆர்டருக்கும் சொந்தமில்லை. அப்புறம் மாடலில் லாட்-ஆர்டர் உறவை எழுதும் இடத்தில், நடு டேபிளின் கூடுதல் தகவலையும் எடுக்கச் சொல்லும் 'வித்பிவட்' சேர்த்தால்தான் அந்த எண் கூடவே வரும். கட்டிங் மேஸ்திரி முதலில் கேட்பதே அந்தச் சதுர அடியைத்தான்.