மணற்காட்டில் அலை எண்ணிய நாள்

1974 தை மாதம் என்று நினைக்கிறேன். புவியியல் சேர் எங்கள் வகுப்பைச் சைக்கிளில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கிழக்குக் கரையில் இருக்கும் மணற்காட்டுக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் பருத்தித்துறை முனை இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்தோம். முனையில் முருகைக்கல் திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடும், கரையில் எண்ண ஒன்றும் மிஞ்சாது என்றார்.

வேலை இதுதான்: ஒரு நிமிடத்தில் எத்தனை அலை உடைகிறது? கைக்கடிகாரம் சேரிடம் மட்டும். எங்கள் குழு 26 என்றது. "வந்ததை எண்ணச் சொன்னனான். நீங்கள் போனதையும் சேர்த்து எண்ணியிருக்கிறியள்!" திருத்தி எண்ணினால் 13.

மாரியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் எழும் அலை உயரமாக, அடுத்தடுத்து வந்து செங்குத்தாகக் கவிழும். முதல் அலையின் நீர் வடியுமுன்னரே அடுத்தது விழுவதால், நனைந்து ஊறிய மணல் மேற்கொண்டு நீரை உறிஞ்சாது. அவ்வளவும் திரும்பி ஓடும், ஓடும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகும். அன்று கரையில் முழங்காலளவுக்கு ஒரு படியே வெட்டப்பட்டிருந்தது. "கடல் களவெடுக்குது சேர்" என்றான் ஒருவன்.

"களவில்லை, அடைவு வைக்குது. சோளகம் வர மீட்டுத் தரும்."

ஆனியில் மறுபடி போனோம். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும் காலம், கிழக்குக் கரை அடங்கிக் கிடந்தது. நிமிடத்துக்கு ஏழு அலை. தட்டையாக நீளப் பரவி ஏறின. ஏறிய நீரில் பாதி மணலுக்குள்ளேயே இறங்கிவிட, திரும்பும் நீருக்கு வலுவில்லை. கொண்டுவந்த மணல் கரையிலேயே தங்கியது. மாரியில் போன மணல் அதுவரை கரைக்குச் சற்று வெளியே திட்டாகக் கிடந்ததாம். தை மாதத்துப் படி இருந்த இடமே தெரியவில்லை. காற்று உலர்மணலை அள்ளி மேட்டில் போட, அங்கே மணலில் பாதி புதைந்து கிடந்த பழைய அந்தோனியார் கோயில் இன்னும் கொஞ்சம் புதைந்திருக்கும்.

இங்கிலாந்துக்கு வந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, டெவன் கரையில் ஹால்சாண்ட்ஸ் என்ற ஊரின் இடிபாட்டைப் பார்த்தேன். மீன்பிடி ஊர். 1897 முதல் டெவன்போர்ட் கப்பல்துறை விரிவாக்கத்துக்காக அந்த ஊருக்கு முன்னால் கடலடிப் பரலை லட்சக்கணக்கான தொன் கணக்கில் தோண்டி எடுத்தார்கள். இயற்கையாக நிரம்பிவிடும் என்று நம்பினார்கள். நிரம்பவில்லை. ஊருக்கு முன்னிருந்த கடற்கரை தாழ்ந்துபோயிற்று. 1917 ஜனவரி 26 இரவு கிழக்கிலிருந்து வந்த புயலலை நேராக வீடுகளில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஒரே ஒரு வீடுதான் குடியிருக்கும்படி மிஞ்சியது. அடைவு வைத்த நகையைக் கடையிலிருந்தே வேறொருவர் தூக்கிக்கொண்டு போன கதை. மணற்காட்டு மணலை உழவு இயந்திரங்களில் ஏற்றுவதைப் பற்றி ஊரிலிருந்து கேள்விப்படும்போதெல்லாம் அந்தச் சுவர்கள்தான் கண்ணுக்குள் நிற்கும்.

அன்று ஹால்சாண்ட்ஸில் நின்று கடிகாரத்தைப் பார்த்து அலையை எண்ணினேன். ஒன்பது. தை மாதத்துப் பதின்மூன்றின் பக்கமும் இல்லை, ஆனி மாதத்து ஏழின் பக்கமும் இல்லை. சேர் இருந்திருந்தால் திரும்ப எண்ணச் சொல்லியிருப்பார்.