கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து

அக்டோபர் 3

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா வாயில் ஒரே சொல். இன்றும் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் சில்லறை, விளக்கை அணைக்கச் சொன்னாலும் சில்லறை. 31 வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் நின்று கேட்ட சொல் அது. மற்றதெல்லாம் போய் அது மட்டும் தங்கிவிட்டது.

அக்டோபர் 4

லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 5

அம்மா தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' என்ற ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில். பேச்சு குறைவான படம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று திரையிடல் குழுவிடம் சொல்லித்தான் எடுத்துக்கொண்டேன். அப்போது அப்பா நடந்துகொண்டிருந்தார்.

2018-ல் முதல் தடவை பார்த்தபோது ஜானியும் கியோர்கேயும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். யார்க்ஷயர் மலைமேட்டில் ஒரு ஆட்டுப்பண்ணை, குடித்துக் குடித்துத் தன்னையே வெறுக்கிற ஒரு பையன், ஆடு ஈனும் காலத்துக்குக் கூலியாக வந்து சேர்கிற ருமேனியாக்காரன். அந்தக் குளிர், அந்தச் சேறு, பேசத் தெரியாத இரண்டு உடம்புகள். மூன்று நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த வீட்டில் ஒரு அப்பா இருந்தார் என்பதே மனதில் பதியவில்லை.

இந்த முறை அவரை மட்டும்தான் பார்க்கிறேன். பக்கவாதம் வந்து கம்பு ஊன்றி நடக்கிறார். அப்புறம் இன்னொரு முறை வந்து விழுகிறார். இயன் ஹார்ட் அந்த வாயை எப்படிக் கோணுகிறார்! நடிப்பு என்று தெரிந்தும் நிறுத்திவிட்டு எழுந்துபோய் அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 8

பேச்சுப் பயிற்சி தருகிறவர் வந்தார். எண்கள், கிழமைகள், பாட்டு என்று வரிசையாகப் பழகிய சொற்கள் தானாக வருமாம். அவர் ஒண்ணு என்று ஆரம்பித்து வைக்க, அப்பா ரெண்டு, மூணு என்று மெதுவாக ஏறினார். எட்டில் கொஞ்சம் நின்று, பிறகு நல்ல தெளிவாக, தெருவுக்கே கேட்கும்படி, "ஒம்போது" என்றார்.

அம்மா கை தட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அக்டோபர் 9

எனக்கே தோன்றியது. காதருகில் போய் "கோவில்பட்டி" என்றேன். "நாலாட்டின்புத்தூர்" என்றார்! கயத்தாறு. கங்கைகொண்டான். தாழையூத்து. அதோடு நின்றுவிட்டது. திருநெல்வேலி வரவில்லை. பரவாயில்லை. பரவாயில்லை.

அக்டோபர் 12

ஒரு சொல்லில் ஒரு வாரமாக நிற்கிறேன். ஜானியும் கியோர்கேயும் ஊரார் வைகிற அதே கெட்ட வார்த்தையால் ஒருவரையொருவர் கொஞ்சுகிற இடம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிபட்ட வரலாறும் உண்டு, அடிபட்டவர்களே அதை எடுத்து வைத்துக்கொண்ட வரலாறும் உண்டு. தமிழில் நான் எதைப் போடுவது?

'தன்பாலீர்ப்பாளர்' என்று போட்டால் சட்டப்புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கிறது. 'பால்புதுமையர்' எனக்குப் பிடித்த சொல். நம்முடைய ஆட்களே உருவாக்கி, அடித்து அடித்துப் பழக்கிய சொல். ஆனால் சாணிக்கையோடு நிற்கிற ஒரு பண்ணைக்காரன் வாயில் அது வராது. வரக்கூடியது ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் வரிசையாக எண் சொல்லச் சொன்னபோது எட்டுக்கு அடுத்து நான் நின்றேன். வாயைத் திறக்கும் முன்பே முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அந்த எண்ணை இன்றுவரை நான் போனில்கூட மெதுவாகத்தான் சொல்கிறேன். அதை வைத்து நான் பட்டது கொஞ்சம். திருநங்கைகள் பட்டது அதைவிடப் பல மடங்கு. அதை எடுத்துக் கொஞ்சலாகப் போட எனக்கு உரிமை உண்டா?

'மூன்லைட்' படத்தில் அந்தச் சிறுவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பான். போதைப்பொருள் விற்கிற ஹுவான், ஓரினக் காதலர்களை மனம் நோகச் செய்ய மற்றவர்கள் சொல்வது அது என்று பதில் சொல்வான். எவ்வளவு நேரான பதில். எனக்குப் பதினொரு வயதில் அப்படி ஒருவர் எதிரில் இருந்திருந்தால்.

அந்த வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 13

மாமா வந்திருந்தார். "ஒரு பொண்ணப் பாத்து வச்சிட்டோம்னா அத்தானுக்குத் தன்னால தெம்பு வந்துரும்" என்றார். அம்மா பதில் பேசாமல் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது சுவரையோ.

அக்டோபர் 15

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 25-ஆம் நாள். 'மூன்லைட்' மொத்தப் படமும் மயாமியில் 25 நாளில் எடுத்தது. ஒரு ஆளின் முழு வாழ்க்கை, மூன்று நடிகர்கள், 25 நாள். நாங்கள் வலது கைச் சுண்டுவிரல் அசைவதற்குக் காத்திருக்கிறோம்.

அக்டோபர் 17

எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 20 சனிக்கிழமை, பெங்களூரில் அவனோடு 'சாபர் போண்டா' பார்த்தேன். மராத்திப் படம், ரோகன் கானவடே எடுத்தது. சன்டான்ஸ் விழாவுக்குப் போன முதல் மராத்திப் படம். 2025 ஜனவரியில் அங்கே உலகப் படங்களுக்கான முதல் பரிசையும் வாங்கியது. மும்பையில் இருக்கிற ஆனந்த் அப்பா இறந்து கிராமத்துக்குப் போகிறான். பத்து நாள் துக்கம். செருப்புப் போடக்கூடாது, அது சாப்பிடக்கூடாது, இது கூடாது. நடுவில் எப்போ கல்யாணம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அங்கேதான் சின்ன வயசுக் கூட்டாளி பால்யா திரும்பக் கிடைக்கிறான்.

சாபர் போண்டா என்றால் நம்ம சப்பாத்திக்கள்ளிப் பழம். அதைச் சொன்னதும் தியேட்டர் இருட்டில் அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். எங்கள் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மேலே பொடிமுள், மண்ணில் உருட்டி உருட்டித் தேய்க்கவேண்டும். பிளந்தால் நடுவில் இன்னொரு முள், அதைத் தனியாக எடுக்கவேண்டும். எடுக்காமல் தின்றால் தொண்டையில் குத்தும். தின்றவன் வாய் நாள் முழுக்கச் சிவந்து கிடக்கும், யாரிடமும் மறைக்க முடியாது. முள் எடுத்த பழத்தை ஒருத்தன் ஒருத்தனுக்குத் தருவதைக் காதல் என்று இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் திரையில் பார்த்தேன். அந்த ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் தூக்கு மாட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மகனைப் பற்றித் தெரியும். இப்படிப்பட்ட படத்தில் பாதிப் பேர் சாகவேண்டும் என்று யார் விதித்தார்கள்? வெளியே வந்து இருவரும் மழையில் ஒரு மைல் நடந்தோம். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை 6.10-க்கு அம்மா போன்.

ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை. தெரியும். ஆனால் அப்பாவுக்காக அழுகிற ஒரு மகனைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட இரவு அது.

அக்டோபர் 18

மழை. கரண்ட் இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

அவன் வந்தான். முதல் பஸ்ஸில் வந்து விடிவதற்குள் வாசலில் நின்றான், கையில் ஸ்வீட் பாக்ஸ். "தம்பி பெங்களூர் ஃபிரெண்டாப்பா?" என்றாள் அம்மா. ஆமாம்மா என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவை உட்காரவைத்துக் குளிப்பாட்ட எங்கள் இரண்டு பேரால் இதுவரை முடியவில்லை. துணி நனைத்துத் துடைப்பதோடு சரி. தீபாவளி அன்று தலைக்கு ஒரு சொட்டு எண்ணெயாவது வைக்கவேண்டும் என்று அம்மா கண்கலங்கிச் சொன்னதும், அவன் பேன்ட்டை மடித்துவிட்டுக் கொண்டான். பின்னாலிருந்து அப்பாவின் கக்கத்துக்குள் இரண்டு கையையும் கொடுத்து, தன் நெஞ்சில் சாய்த்து, அப்படியே தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா உச்சியில் எண்ணெய் வைத்தாள். வெந்நீரில் அரப்புக் கரைத்து நான் தேய்க்க, அவன் ஒரு கையால் அப்பா தலை தொங்காமல் நெற்றியைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அப்பாவின் முதுகை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. டிக்கெட் பையின் வார் விழுந்த தோளில் ஒரு பள்ளம், விரல் வைத்தால் பொருந்துகிறது.

படத்திலும் இந்த இடம் இருக்கிறது. இரண்டாவது முறை விழுந்து வீடு திரும்பிய அப்பாவை ஜானி தொட்டியில் குளிப்பாட்டுவான். படம் முழுக்கக் குறை சொன்ன அந்த மனிதர் அப்போது நன்றி என்பார். சப்டைட்டிலில் மூன்றெழுத்து. இதுவரை மொழிபெயர்த்ததிலேயே சுலபமான வரி என்று நினைத்திருந்தேன்.

துவட்டும்போது அப்பா சில்லறை என்றார். இரண்டு தரம். அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை.

அக்டோபர் 21

அவன் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் கை மட்டும் கொடுத்தோம்.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டே, "அந்தத் தம்பி சட்டை ஈரமாவே கொண்டு போயிருச்சே, ஒன் சட்டை ஒண்ணக் குடுத்திருக்கலாம்ல" என்றாள். அவன் போட்டுக்கொண்டு போனதே என் சட்டைதான். அம்மாதானே அதைத் துவைத்துத் துவைத்துச் சாயம் போகவைத்தவள். பார்க்கவில்லையா?

அக்டோபர் 22

அந்த ஆட்டுக்குட்டி இடத்தை முடித்தேன். செத்துப்போன குட்டியின் தோலை கியோர்கே அளவெடுத்த மாதிரி உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டையாக மாட்டுவான். வாடை பிடித்துத் தாய் ஆடு அதைத் தன் குட்டி என்று பால் கொடுக்கும். ஜானி பார்த்துக்கொண்டே நிற்பான், பேச்சே கிடையாது. நடிகர்கள் படப்பிடிப்புக்கு முன்னால் பண்ணையில் வாரக்கணக்கில் வேலை பழகியவர்கள். ஃபிரான்சிஸ் லீ அப்படிப்பட்ட பண்ணையிலேயே வளர்ந்தவர். இங்கே கன்று செத்தால் தோலில் வைக்கோல் திணித்துப் பசு முன்னால் நிறுத்துவார்கள். ஆச்சி வீட்டில் பார்த்திருக்கிறேன். பசு அதை நக்கிக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் 24

தூக்கம் வரவில்லை. 'வீக்கெண்ட்'டில் அந்தக் கட்டில் காட்சியை மட்டும் திரும்பப் பார்த்தேன். 2011-ல் ஆண்ட்ரூ ஹேய் நாட்டிங்ஹமில் எடுத்தது. ஒரு வெள்ளி இரவில் சந்தித்து ஞாயிற்றுக்கிழமை பிரிகிற இருவர். ரஸ்ஸல் அப்பா அம்மா தெரியாமல் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவன். ஆகவே வீட்டில் சொல்லவேண்டிய அந்தப் பேச்சு அவனுக்கு வாய்க்கவே இல்லை. கிளென் சொல்வான்: நான் உன் அப்பாவாக இருக்கிறேன், என்னிடம் சொல். ரஸ்ஸல் சொல்வான். கிளென், நீ நிலவில் கால் வைத்த முதல் ஆளாக இருந்தாலும் இதைவிடப் பெருமைப்பட முடியாது என்கிற மாதிரி ஒரு பதில் சொல்வான்.

போனில் அவனிடம் இதைச் சொன்னேன். "வேணும்னா நான் இருக்கேன் உங்கப்பாவா, சொல்லு" என்றான். வேண்டாம் என்றேன். எனக்கு அப்பா இருக்கிறார். பக்கத்து அறையில் இருக்கிறார்.

2018 செப்டம்பர் 7 நினைவுக்கு வந்தது. அப்பா பேப்பரை எப்போதும் அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார், விளம்பரம்கூட விடமாட்டார். அன்று முதல் பக்கத்தில், தன்பாலுறவு குற்றமல்ல என்ற 377 தீர்ப்பு. அதை மட்டும் வாய்க்குள்ளேயே படித்தார். வரிக்குக் கீழே விரல் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரி வரைக்கும் போனது. பிறகு பக்கத்தைத் திருப்பி மழை நிலவரத்திலிருந்து சத்தமாக ஆரம்பித்தார்.

ஏழு வருஷமாக அந்த விரலைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 26

சொன்னேன்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம், தாழையூத்தில் வழக்கம்போல நின்றது. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு வந்தவன் என் ஃபிரெண்டு இல்லப்பா, நாங்க நாலு வருஷமா ஒண்ணா இருக்கோம், எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா. இவ்வளவுதான். எத்தனையோ வருஷம் மனதுக்குள் எழுதி வைத்திருந்த பெரிய பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை.

அப்பா பார்த்தார். இடது கையை எடுத்து என் கை மேல் வைத்தார். நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவார்களே, அந்த மாதிரி என் ஆள்காட்டி விரலைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "சில்லறை."

அக்டோபர் 27

மெதுவாகத்தான் சொன்னார். கோபம் என்றால் கடைசி எழுத்து இழுக்கும், நேற்று இழுக்கவில்லை. பசிக்கிறபோது சொல்வதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்போதுதான் இட்லி சாப்பிட்டிருந்தார்.

அக்டோபர் 28

பயிற்சி தருகிறவரிடம் கேட்டேன், சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று. நிறையப் புரிகிறது, எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

அக்டோபர் 30

சப்டைட்டிலை அனுப்பிவிட்டேன். அந்த வரியில் அந்த எண்ணையே போட்டேன், நம்ம ஊர்ப் பேச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே. கீழே குழுவுக்கு ஒரு குறிப்பும் எழுதினேன்: திருநங்கைத் தோழிகளில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுங்கள். எட்டாம் தேதி திரையிடல், மொட்டை மாடியில். என்னால் போகமுடியாது, அவன் போகிறான். எந்த இடத்தில் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று எல்லாவற்றையும் எனக்குச் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 1

மாமா மறுபடி ஒரு ஜாதகத்தோடு வந்தார். அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "அவன் இஷ்டம்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாமா போனபிறகு, "அந்தத் தம்பி பொங்கலுக்கு வருமா?" என்றாள். உள்ளே அப்பா இருமினார்.

நவம்பர் 3

மத்தியானத்திலிருந்து காய்ச்சல், 102. கோவில்பட்டி என்றேன். நாலாட்டின்புத்தூர் வந்தது. கயத்தாறு வரவில்லை. ஆட்டோ சொல்லியிருக்கிறது, அம்மா பையில் துணி எடுத்து வைக்கிறாள். அவனுக்கு