ஜிம் ஹைன்ஸ் பிடித்த இரண்டு பந்துகள்

1968 அக்டோபரில் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் ஜிம் ஹைன்ஸ் நூறு மீட்டரை 9.95 வினாடிகளில் ஓடினார். மின்னணுக் கடிகாரத்தின் கணக்கில் பத்து வினாடிகளுக்குள் ஓடி முடித்த முதல் மனிதர் அவர். அந்தச் சாதனை 1983 வரை நின்றது. மறு ஆண்டே, பந்தைக் கையால் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்துக் களத்தில் மயாமி டால்பின்ஸ் அணிக்காக இறங்கினார். அந்தத் தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் அவர் பிடித்த பந்துகள் இரண்டே இரண்டு. அவற்றால் அணிக்குக் கிடைத்த தூரம் 23 கெஜம். பந்து நழுவும்போது வாயில் வரும் ‘ஊப்ஸ்’ என்ற சொல்லையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். உலகின் மிக வேகமான மனிதரை அப்படி அழைத்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. வேகம் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பி அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிழைக்கு அவர் பெயர் ஏன் பலியாக வேண்டும்?

ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் இதே நம்பிக்கை மீண்டும் தலைதூக்குகிறது. முன்னணி விரைவோட்ட வீரர் ஒருவர் அந்தக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். ஆட்டத்தில் சாதிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே நான் சொல்வேன். ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே அந்த ஆட்டத்தை ஆடி வந்தவராக இருக்க வேண்டும், ஓட்டப்பாதைக்கு அங்கிருந்து வந்தவராக இருக்க வேண்டும். ஓட்டப்பாதையிலிருந்து ஆட்டத்துக்குப் போனவர்களின் வரலாறு பெரும்பாலும் ஹைன்ஸின் வரலாறுதான்.

காரணம் தூரத்தில் தொடங்குகிறது. உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 வினாடிகளில் ஓடியபோது தம் உச்ச வேகமான மணிக்கு 44.72 கிலோமீட்டரை எட்டியது 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில். கால்பந்து அணிகள் வீரர்களின் வேகத்தை அளப்பதோ 40 கெஜத்தில், அதாவது ஏறக்குறைய 36.6 மீட்டரில். ஆட்டத்தில் அந்த 40 கெஜம்கூட நேர்கோட்டில் கிடைப்பது அரிது.

பந்தை வாங்க ஓடும் வைடு ரிசீவரின் ஒரே ஒரு ஓட்டத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். எதிரே ஒரு கையெட்டும் தூரத்தில் நிற்கும் எதிரணித் தடுப்பாளரான கார்னர்பேக், பந்து நகர்ந்த நொடியில் இவருடைய மார்பில் இரு கைகளாலும் இடிக்கிறார். முதல் ஐந்து கெஜத்துக்குள் அப்படி இடிக்க விதி இடம் தருகிறது. அந்த இடியிலிருந்து தோளைத் திருப்பி விடுபட்டு, முழு வேகத்தில் பதினைந்து கெஜம் ஓடி, இன்னும் தொலைவு போகப்போவதாக எதிராளியை நம்பவைத்து, சட்டென இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று எட்டுகளில் நின்று, திரும்ப வேண்டும். திரும்பும்போது, பந்தை எறிபவரான குவாட்டர்பேக் எறிந்த பந்து ஏற்கெனவே காற்றில் வந்துகொண்டிருக்கும். அதைக் கையில் வாங்குகிற அதே கணத்தில் முதுகில் ஒருவர் வந்து மோதுவார் என்று தெரிந்தும் கண்ணைப் பந்திலிருந்து எடுக்கக் கூடாது. விரைவோட்டப் பயிற்சியோ, நிமிர்ந்த உடலோடு, எதையும் பார்க்காமல், எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை வேகத்தை இழக்காமல் ஓடுவதற்கான பயிற்சி. நிற்கக் கற்பது அதில் இல்லவே இல்லை.

இதற்கு மாறாக எப்போதும் காட்டப்படுபவர் பாப் ஹேய்ஸ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், நடைப்போட்டிக்காரர்களின் காலடியில் குலைந்துபோயிருந்த முதல் தடத்தில் ஓடி நூறு மீட்டர் தங்கத்தை வென்றவர். தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பின்தங்கிய நிலையில் கோலை வாங்கி, முன்னால் இருந்தவர்களை எல்லாம் கடந்து வென்றவர். டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் 1965இல், முதல் பருவத்திலேயே, 46 பந்துகளைப் பிடித்து 1,003 கெஜம் சேர்த்தார். ஒற்றைக்கு ஒற்றையாக அவரோடு ஓட யாராலும் இயலாததால், ஆளைக் காக்காமல் பரப்பைக் காக்கும் ஸோன் தடுப்பு முறையை எதிரணிகள் வளர்த்தெடுக்க நேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலிம்பிக் தங்கமும், கால்பந்தின் உச்சப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணிக்குத் தரும் மோதிரமும் இரண்டும் பெற்ற ஒரே மனிதர் அவர்தான். ஆனால் இதைச் சொல்பவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அவர் கால்பந்து ஆடியவர். ஒலிம்பிக் தங்கத்துக்கு முன்பே கவ்பாய்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது.

அவருக்கும் வேகம் கைகொடுக்காத நாள் ஒன்று இருந்தது. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில், ஏறக்குறைய மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் நடந்த என்.எஃப்.எல். இறுதிப் போட்டியில், பந்து தமக்கு வராத சமயங்களில் ஹேய்ஸ் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றார். எதிரணித் தடுப்பாளர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். அன்று அவர் பிடித்தது மூன்று பந்துகள், 16 கெஜம். கவ்பாய்ஸ் 21–17 என்று தோற்றது. இந்த ஆட்டத்தில் கைகளும் பேசும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் எதிரே நிற்பார்கள்.

ரெனால்டோ நெஹமாயாவை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 1981இல் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.93 வினாடிகளில் ஓடி, 13 வினாடிகளுக்குள் வந்த முதல் மனிதரானார். 1989 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. கல்லூரியில் கால்பந்தே ஆடாத அவரை 1982இல் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. மூன்று பருவங்களில் 43 பந்துகளைப் பிடித்தார். கால்பந்தில் சம்பளம் வாங்கியதால் தடகளக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், உள்நாட்டு ரசிகர்களுக்கு முன்னால், அவர் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒருவர் நேர்மையாக முயன்று பார்த்தார். அப்போது சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் இருந்த டி.கே. மெட்காஃப், 2020இல் பந்தை இடைமறித்து ஓடிய எதிரணியின் புடா பேக்கரைத் தொலைவிலிருந்து துரத்திப்போய், அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுவதற்குச் சற்று முன்னால் வீழ்த்திய காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறு ஆண்டு மே மாதம், நூறு கிலோவைத் தாண்டிய அந்த உடலோடு, கலிபோர்னியாவில் தொழில்முறை ஓட்டவீரர்களுடன் நூறு மீட்டர் ஓடினார். நேரம் 10.36 வினாடிகள், தம் சுற்றில் கடைசி இடம். அந்த உடலுக்கு அது வியக்கத்தக்க ஓட்டம், ஆனாலும் கடைசி. அவரவர் தொழிலில் எத்தனை ஆண்டுகள் புதைந்திருக்கின்றன என்பதை அந்தச் சுற்றில் வென்றவருக்கும் அவருக்கும் இருந்த கால் வினாடி இடைவெளி எனக்குக் காட்டியது.

ஆகவே போல்ட் ஆடியிருந்தால் என்ற கேள்விக்கு என் விடை, இருபத்திரண்டு வயதில் தொடங்கியிருந்தால் இயலாது என்பதே. அவர் ஜமைக்காவில் பிறக்காமல் டெக்சாஸில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தோள்கவசம் அணிந்திருந்தால் கதை வேறு.

ஜேம்ஸ் ஜெட்டை இங்கே பலரும் அறியமாட்டார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட அணியின் தகுதிச் சுற்றில் ஓடித் தங்கம் பெற்றவர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் ஆடியவர். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் 1993இல் ரெய்டர்ஸ் அணியில் சேர்ந்து, பத்துப் பருவங்கள் நீடித்து, 256 பந்துகளைப் பிடித்தார்.