ஆல்டினியின் மேஜையும் ஃபிராங்கன்ஸ்டைனும்

ஜனவரி 17
1803-ல் இதே தேதி. மனைவியையும் குழந்தையையும் கால்வாயில் மூழ்கடித்த வழக்கில் ஜார்ஜ் ஃபாஸ்டரை லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிட்டார்கள். கொலையாளியின் உடலை அறுவை மருத்துவர்களிடம் ஒப்படைப்பது அன்றைய சட்டம். அது இத்தாலிய விஞ்ஞானி ஜொவானி ஆல்டினியின் மேஜைக்குப் போனது. மின்சாரம் வரும் ஒரு கம்பியை வாயிலும் இன்னொன்றைக் காதிலும் வைத்ததும் தாடை நடுங்கி, முகம் கோணி, இடது கண் திறந்ததாம். பின்னாளில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு அதே ஊரில் அப்போது ஐந்து வயது.

ஜனவரி 19
ஆல்டினி, கால்வானியின் சகோதரி மகன். இத்தாலியின் பொலோனாவில் தவளைக் கால் துடித்ததைப் பார்த்து, உயிருடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதியவர் கால்வானி. “இல்லை, அது இரண்டு உலோகங்களின் வேலை” என்று மறுத்த வோல்டா, 1800-ல் தவளையே இல்லாத மின்கல அடுக்கை அறிவித்தார். அதற்குள் கால்வானி இறந்துவிட்டார். மருமகனோ மாமாவுக்காக வாதாட எதிராளியின் கருவியையே எடுத்துக்கொண்டார்! லண்டன் மேஜையில் இருந்தவை மூன்று தொட்டிகள்; ஒவ்வொன்றிலும் 40 துத்தநாகத் தகடு, 40 செம்புத் தகடு. எனக்கு இந்தக் குடும்பச் சண்டைதான் பிணத்தைவிடச் சுவாரஸ்யம்.

ஜனவரி 20
வோல்டாவின் அடுக்கை நானும் செய்து பார்த்தேன். செம்புத் துண்டு, உப்புநீரில் நனைத்த அட்டை, ஜிஐ வாஷர் (துத்தநாகம் பூசிய இரும்பு வளையம்) என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். சிவப்பு எல்இடி மங்கலாக எரிந்தது. அட்டையைப் பிழியாமல் வைத்தால் நீர் வழிந்து அடுக்குகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும், விளக்கு செத்துவிடும். கம்பிகளை நாக்கில் வைத்தால் புளிப்பாக ஒரு சுருக்.

ஜனவரி 24
நாவலை மறுபடி புரட்டினேன். நாயகன் விக்டர் தான் செய்த உருவத்துக்கு உயிரூட்டும் இடத்தில் மின்னலும் இல்லை, இயந்திரமும் இல்லை. “கருவிகள்”, ஒரு “தீப்பொறி”, அவ்வளவுதான். இடியும் சுழலும் சக்கரங்களும் 1931 சினிமா தந்தவை. நாவலில் மின்னல் பிளப்பது ஓர் ஓக் மரத்தை. அதையொட்டி, 1818 பதிப்பில் விக்டரின் அப்பாவே சிறு மின் இயந்திரம் செய்து மகனுக்குக் காட்டுகிறார். 1831 பதிப்பில் அவருக்குப் பதில் ஓர் அறிஞர் வந்து கால்வானியம், அதாவது கால்வானி வழிவந்த மின்சாரக் கொள்கை, பேசுகிறார். செய்முறையை மட்டும் விக்டர் கடைசிவரை சொல்வதில்லை. கெட்டிக்காரத்தனம்! தொட்டியையும் தகட்டையும் விவரித்திருந்தால் கதை அப்போதே பழசாகியிருக்கும்.

ஜனவரி 25
கிளாஸ்கோவில் ஆண்ட்ரூ யூர் செய்த பிணச் சோதனைதான் நாவலுக்குக் கரு என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அது நடந்தது 1818 நவம்பர். புத்தகம் அந்த ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிட்டதே, ஐயா!