ஹாஷ் தேர்வும் 256 எம்பி நினைவகமும்

2021 ஆகஸ்டில், லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 11-ஆம் பதிப்பு வந்தபோது அதன் வெளியீட்டுக் குறிப்பில் ஒரு சின்னப் பத்தி இருந்தது. கணினி பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காது, திருப்ப முடியாத ஒரு குறியீடாக, அதாவது ஹாஷாக, மாற்றித்தான் வைக்கும். அந்தக் கணினியிலேயே உள்ள கணக்குகளுக்கு அப்படி மாற்றும் முறை இனி எஸ்எச்ஏ-512 கிடையாது, யெஸ்கிரிப்ட்தான் என்றது அந்தப் பத்தி. வீட்டுக் கணினியில் டெபியன் போட்டவர்கள் அதைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். எங்கள் வேலை வேறு. தொழிற்சாலைச் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டிக் கணினிகளுக்கு, டெபியனை அடித்தளமாக வைத்து ஓர் இயங்குதளம் தயாரித்துக் கொடுக்கிறோம். டெபியன் போன வழியே போவதா, பழையதிலேயே நிற்பதா, இல்லை வேறொன்றைப் பிடிப்பதா என்று முடிவுசெய்தாக வேண்டியிருந்தது.

கூட்டத்தில் முதலில் பேசியவர் குழுவிலேயே இளையவர். "ஆர்கான்2-தானே போட்டியில் ஜெயிச்சது? அதையே வச்சுடலாமே அண்ணா" என்றார். நியாயமான கேள்விதான். 2013-இல் தொடங்கிய பாஸ்வேர்ட் ஹாஷ் போட்டியில் 2015-இல் வென்றது லக்சம்பர்க் பல்கலைக்கழகக் குழுவின் ஆர்கான்2. ஆனால் லினக்ஸில் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது கிரிப்ட் என்ற நிரல் நூலகம். டெபியன் 11-இல் அந்த இடத்துக்கு வந்த லிப்எக்ஸ்கிரிப்டில் ஆர்கான்2 இல்லை. வேண்டுமென்றால் நாமே அந்த நிரலில் ஒட்டு (பேட்ச்) போட்டுச் சேர்க்கலாம். அப்புறம் ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த ஒட்டை நாம்தான் சுமக்க வேண்டும். பாஸ்வேர்ட் சரிபார்க்கும் இடத்தில் சொந்த ஒட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அடுத்து பிகிரிப்ட். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக நீல்ஸ் புரோவோசும் டேவிட் மசியேரும் உருவாக்கியது. 1999-இல் கட்டுரையாக வந்தது. எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவை ஹாஷுக்குள்ளேயே எழுதிவைக்கும் அதன் யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரே உறுத்தல், பாஸ்வேர்டின் முதல் 72 பைட்டுகளுக்கு மேல் அது பார்க்காது. ஆங்கிலத்தில் அது தாராளம். தமிழிலோ, எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறை ஒரு குறிக்கு மூன்று பைட் எடுக்கும். 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என ஆறு பைட். முதல் குறளைப் பாஸ்வேர்டாக வைத்தால், முதல் அடியோடு 72 தீர்ந்துவிடும். எங்கள் பெட்டிகளில் யாரும் தமிழில் பாஸ்வேர்ட் அடிப்பதில்லை, உண்மைதான். இருந்தாலும் பயனருக்குச் சொல்லாமல் பின்பாதியை விட்டுவிடும் நிரல் என் கண்ணில் குறையுள்ள நிரல்தான். பழைய யூனிக்ஸ் கிரிப்ட் இன்னும் மோசம். எட்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

எஸ்எச்ஏ-512 வகை 2007-இல் உல்ரிச் ட்ரெப்பர் எழுதியது. இயல்புநிலையில் அந்தக் கணக்கை 5000 சுற்று திரும்பத் திரும்பப் போடும். பதினான்கு வருடம் கழித்தும் பெரும்பாலான கணினிகளில் அதே 5000. கிராஃபிக்ஸ் கார்டுகள் எங்கேயோ போய்விட்டன, இந்த எண்ணை யாரும் தொடவில்லை. சுற்றைக் கூட்டினால், ஹாஷைத் திருடிப் பாஸ்வேர்டை ஊகிப்பவனுக்கு நேரம் கூடும், நமக்கும் கூடும். ஆனால் அந்தக் கணக்குக்கு நினைவகம் ஏறக்குறையத் தேவையே இல்லை. அதனால் ஒரு கார்டில் ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒன்றாக ஓட்டிவிடலாம். காலின் பெர்சிவல் 2009-இல் வெளியிட்ட எஸ்கிரிப்டும், அதிலிருந்து அலெக்சாண்டர் பெஸ்லியாக் வளர்த்த யெஸ்கிரிப்டும் கைவைப்பது இந்த இடத்தில்தான். பந்தியில் ஆயிரம் பேரை உட்காரவைக்க ஆசைப்படலாம். ஆளுக்கு ஒரு தலைவாழை இலை விரித்தே ஆக வேண்டும் என்றால் கூடம் சீக்கிரம் நிறைந்துவிடும். டெபியனின் இயல்புநிலையில் அந்த இலை, அதாவது ஓர் ஊகத்துக்கு வேண்டிய நினைவகம், 16 எம்பி.

எங்களுக்குச் சிக்கலும் அந்த 16 எம்பிதான். எங்கள் பெட்டிகளில் மிகச் சின்னதில் மொத்த நினைவகமே 256 எம்பி. தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் இயல்புநிலையில், இன்னும் உள்ளே வராத இணைப்புகளை நூறு வரை வைத்திருக்கும். பத்தைத் தாண்டினால் சிலவற்றைத் தட்டிவிட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். நூறும் ஒரே நேரத்தில் பாஸ்வேர்ட் அனுப்பினால் 1600 எம்பி. யாரோ ஒருவன் வெளியிலிருந்து பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருந்தால் போதும், மெஷினை ஓட்டும் நிரலுக்கே நினைவகம் இல்லாமல் போகும். யெஸ்கிரிப்டின் செலவு அளவை ஒரு படி இறக்கினால் நினைவகம் பாதியாகும். அதைச் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியில் நூறு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்ய என்ன அவசியம்? செலவு அளவை அப்படியே விட்டு, இணைப்பு வரம்பை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கினோம். யாரும் குறை சொல்லவில்லை.

யெஸ்கிரிப்டுக்குச் சாதகமாக இன்னொன்றும் இருந்தது. அதன் அடியில் இருப்பது, தணிக்கைப் பட்டியல்களில் வழக்கமாக இருக்கும் எஸ்எச்ஏ-256, பிபிகேடிஎஃப்2 என்ற முறைகள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்க வரும் தணிக்கையாளரிடம் பேச்சைத் தொடங்க அது ஒரு பிடி.

தேர்வு முடிந்ததோடு வேலை முடியவில்லை. இயங்குதளத்தை மேம்படுத்தினால் பழைய ஹாஷ் மாறிவிடாது. பயனர் பாஸ்வேர்டை மாற்றும்போதுதான் புது ஹாஷ் பிறக்கும். அதனால் ஹாஷ்களை வைத்திருக்கும் ஒரே ஷேடோ கோப்பில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கும். ஹாஷின் தொடக்கத்தில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 6 இருந்தால் பழையது, ஒய் இருந்தால் புதியது. புதிய பதிப்புக்கு இரண்டும் தெரியும். டெபியன் 10-க்கு ஒய் என்றால் என்னவென்றே தெரியாது. வெளியீட்டுக் குறிப்பிலும் இந்த எச்சரிக்கை இருந்தது.

எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? ஒரு வாடிக்கையாளர் தளத்திலிருந்து போன். "சார், பாஸ்வேர்ட் சரிதான், நிதானமா டைப் பண்றேன், ஏத்துக்கவே மாட்டேங்குது." ஷேடோ கோப்பில் அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். "டாலர்... ஒய்... டாலர்..." என்று ஆரம்பித்தார். "பெட்டி பழசா, புதுசா?" என்றேன். பழசு. புதுப் பெட்டியின் கோப்பை அப்படியே பழையதில் பதித்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வருடக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு தளத்தில் பழைய பெட்டி ஒன்று மிச்சமிருந்தாலும் அங்கே புதுப் பெட்டிகளும் எஸ்எச்ஏ-512-ஐத்தான் எழுதும், சுற்றை மட்டும் கூட்டிவைத்து. கடைசிப் பழைய பெட்டி போன பிறகு யெஸ்கிரிப்டுக்கு மாற்றிவிடுவோம். இதற்கான அமைப்பைத் தேடுபவர்கள் லாகின் டெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் மாற்றிவிட்டு ஏன் நடக்கவில்லை என்று குழம்புவார்கள். டெபியனில் பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளை கேட்பது, லாகின் சரிபார்ப்பைக் கவனிக்கும் பாம் அமைப்பின் கோப்பு பேச்சைத்தான்.

இந்தச் சாக்கில் ஒவ்வொரு கணக்கையும் பார்க்க வேண்டி வந்தது. தரவு எடுக்க ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என மனிதர் யாரும் லாகின் செய்யாத கணக்குகளுக்கும் பாஸ்வேர்ட் வைத்திருந்தார்கள், பெரும்பாலும் எல்லாப் பெட்டியிலும் ஒரே பாஸ்வேர்ட். அவற்றை, பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பால் நுழையும் எஸ்எஸ்எச் சாவிக்கு மாற்றி, எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாதபடி ஷேடோ கோப்பில் ஹாஷ் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டோம். என்னைக் கேட்டால், யெஸ்கிரிப்டால் கிடைத்த பாதுகாப்பைவிட இதனால் கிடைத்தது அதிகம்.